அகழிக்கு எந்தப் பக்கம்

போன வருடம் நவம்பரில் மழை நிற்காத ஒரு வாரம். இரவு வேலை முடிந்து பாச்சாங் வீட்டுக்கு வந்து சமையலறை விளக்கைப் போட்டேன். என் அறைக் கதவுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் கோடு கிளம்பி, சுவரோரமாகவே நடந்து, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் மறைந்து, அந்தப் பக்கம் வெளிப்பட்டு, அம்மா மூடி வைத்திருந்த கேசரிப் பாத்திரத்தில் போய் முடிந்தது. எல்லாம் நான் வளர்க்கும் எறும்புகள். கேரபரா டைவர்சா. ஒன்றரை வருடத்துக்கு முன் எங்கள் தாமான் தெருவிளக்குக்குக் கீழே, மழை விட்ட இரவில், இறகு உதிர்த்துவிட்டு ஓடிய ஒரு ராணியைப் பிடித்துச் சோதனைக் குழாயில் போட்டதில் ஆரம்பித்த குடும்பம்.

அம்மா பேசவில்லை. கேசரியைக் குப்பையில் கொட்டினார், அவ்வளவுதான். பாட்டிதான் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டார்: "ஏண்டா தம்பி, நாங்க எறும்பு உள்ள வரக்கூடாதுன்னு தண்ணி வெச்சோம். நீ அது வெளிய போகக்கூடாதுன்னு வெக்கிறியா? தண்ணிக்கு எந்தப் பக்கம் நிக்கிறோம்னு அதுக்குத் தெரியுமா?"

பாட்டி சொன்ன தண்ணீர், ஜாசின் பக்கத் தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்து வீட்டு அல்மாரியின் நான்கு கால்களுக்கும் கீழே இருந்தது. காலியான சுசு டின்னில் பாதி தண்ணீர், மேலே ஒரு சொட்டு மண்ணெண்ணெய். சீனி, கருவாடு, குழந்தைக்கான பால்மாவு எல்லாம் அந்த அல்மாரியில். தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். டின் கிடைக்காதவர்கள் உடைந்த மங்கு வைத்தார்கள். பால்மரத்தில் கட்டும் அதே மங்குதான். அந்த ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கொசுவுக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. சுத்தமான தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை சின்ன எறும்பைத் தாங்கிவிடும், மூழ்காமல் நடந்தே அக்கரை சேரும் எறும்புகள் இருக்கின்றன. எண்ணெயோ சோப்போ சேர்ந்தால் அந்தத் தோல் கிழிந்துவிடும்.

அன்றிரவுக்குப் பிறகுதான் இந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். எறும்பைத் தடுப்பது எப்படி என்பதற்கு மனிதர்கள் கண்டுபிடித்தவை அத்தனையும் முதலில் எறும்பை வெளியே நிறுத்தத்தான். அதே உத்தியை உள்பக்கமாகத் திருப்பி வைத்தது ரொம்பப் பின்னால்.

வெளியே நிறுத்தியவர்களில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்துபோன ஒருவர் இருக்கிறார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1854 ஜூலையில் அவர் மலாக்காவுக்கு வந்தார். காடிங்கில் சீனக் கிறிஸ்தவர்களோடு தங்கினார், காய்ச்சல் வந்து ஊருக்குத் திரும்பி குவினைன் சாப்பிட்டார், பிறகு ஆயர் பானாஸில் அரசாங்க பங்களாவில் இருந்து பூச்சி பிடித்தார். பாச்சாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனால் ஆயர் பானாஸ் பெரிய தூரமில்லை. அவருக்கு எட்டு வருடம் ஓயாத எதிரி எறும்புதான். பிடித்து ஊசி குத்தி வைத்த வண்டையும் வண்ணத்துப்பூச்சியையும் எறும்பு இரவோடு இரவாகக் கொண்டுபோய்விடும். 1856-இல் செலிபிஸ் தீவின் மக்காசார் பக்கம் இருந்தபோது மேசையின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டைகளில் நிறுத்தினார். பாட்டியின் சுசு டின் அதேதான், சிரட்டைக்குப் பதில் தகரம். இந்த யோசனையை அவர் உள்ளூர்க்காரர்களிடம்தான் கற்றிருப்பார் என்பது என் ஊகம்.

அகழியை முதலில் உள்பக்கமாகத் திருப்பியவர்களில் பெயர்பெற்றவர் ஒரு வங்கிக்காரர். ஜான் லபக். லண்டன் வங்கி முதலாளி, நாடாளுமன்ற உறுப்பினர், சார்ல்ஸ் டார்வினின் பக்கத்து வீட்டுப் பையனாக வளர்ந்தவர். 1871-இல் இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இவர்தான். மக்கள் அந்த விடுமுறையைப் 'புனித லபக் நாள்' என்று கிண்டலாகக் கொண்டாடினார்களாம். அவர் இரண்டு கண்ணாடித் தகடுகளை எறும்பின் உயரத்தைவிடக் கொஞ்சமே கூடுதலான இடைவெளியில் வைத்து, நடுவில் நயமான மண்ணை நிரப்பினார். இடைவெளி அதிகமானால் எறும்பு மண்ணுக்குள் மறைந்துவிடும், குறைந்தால் நடக்க முடியாது. இந்தக் கூடுகளை மேசைமேல் வைத்து, சுற்றிலும் தண்ணீர் அகழி. சில இடங்களில் தண்ணீருக்குப் பதில் ரோமம் கீழ்நோக்கிப் படிந்த விலங்குத் தோல் பட்டை. ஏறப் பார்க்கும் எறும்புக்கு ஒவ்வொரு மயிரும் ஒரு ஈட்டி. தேனைச் சுற்றிக் கிளிசரின் ஊற்றி, குறுக்கே காகிதப் பாலம் வைத்து, பிறகு பாலத்தை நகர்த்தி எறும்பின் புத்தியைச் சோதித்தார்.

1874-இல் அவர் பிடித்த ஒரு ராணி 1888 வரை உயிரோடு இருந்தது. ஏறக்குறைய பதினைந்து வருடம். ஓர் எறும்பு அத்தனை காலம் வாழும் என்று அதற்கு முன் யாருக்கும் தெரியாது. அது தெரியவந்ததற்குக் காரணம் அந்த அகழி. தப்பித்துப் போன எறும்புக்கு வயது எண்ண முடியாதே. எறும்புக்கு நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி தெரிகிறது என்பதையும் அவர் இந்தக் கூடுகளில்தான் கண்டார். அந்த ஒளி விழுந்த இடத்திலிருந்து எறும்புகள் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. 1882-இல் வந்த அவருடைய எறும்புப் புத்தகம் நன்றாக விற்றது.

ஆனால் எனக்குப் பிடித்தவர் லபக் இல்லை, சார்ல்ஸ் ஜானே. பிரெஞ்சுக்காரர், 1849-இல் பிறந்தவர், என்னைப் போல ஒரு பொறியாளர். தொழிற்சாலையை நிர்வகித்துக்கொண்டே எறும்பை வெட்டி வெட்டி அதன் உள்ளுறுப்புகளை வரைந்தவர். வயதான காலத்தில் தனிம வரிசை அட்டவணையையும் வேறு மாதிரி அடுக்கிக் காட்டினார், அதை இன்றும் வேதியியல்காரர்கள் பேசுகிறார்கள். 1890-களில் அவர் செய்த காரியம் என்னவென்றால், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அறைகள் குடைந்து, மேலே கண்ணாடி மூடி, கட்டியின் ஒரு முனையில் மட்டும் தண்ணீர்க் குழி வைத்தார். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர்க்குழிப் பக்கம் அறை ஈரமாக, அடுத்தது கொஞ்சம் குறைவாக, கடைசி அறை காய்ந்து இருக்கும். முட்டையை ஈரத்தில் வைப்பதா, கூட்டுப்புழுவைக் காய்ந்த இடத்தில் வைப்பதா என்பதை எறும்பு தானே முடிவு செய்துகொள்ளும். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்தக் கூடுகள் இருந்தன.

இதில் சுவர் எங்கே, அகழி எங்கே என்று பார்த்தால், அது இரண்டாம்பட்சமாகிவிட்டது. லபக் எறும்பு ஏன் வெளியே போகிறது என்று கேட்கவில்லை, போவதைத் தடுத்தார். ஜானே அது ஏன் உள்ளே இருக்கவேண்டும் என்று கேட்டார். இன்று உலகத்தில் எறும்பு வளர்க்கிற எவரும் வாங்குகிற பிளாஸ்டர் கூடு, அக்ரிலிக் கூடு எல்லாம் ஜானேயின் பேரப்பிள்ளைகள். இன்ஜினியரிங் படிக்கும்போது 'கட்டுப்பாட்டு அமைப்பு' என்று ஒரு பாடம் உண்டு. நாலு செமஸ்டர் கழித்தும் எனக்குப் புரியாத ஒன்றை இந்த ஆள் ஒரு சுண்ணாம்புக் கட்டியில் செய்து வைத்திருந்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் அடெல் ஃபீல்டு. 1865-இல் திருமணம் செய்துகொள்ளக் கப்பலேறிக் கிழக்கே வந்தவர். வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை இறந்துபோயிருந்தார். திரும்பிப் போகாமல் சயாமிலும் பிறகு சீனாவின் சுவாத்தோவிலும் மதப்பணி செய்தார். 1883-இல் சுவாத்தோ பேச்சுமொழிக்கு ஓர் அகராதி கொண்டுவந்தார். மலேசியாவில் தியோச்சு என்கிறோமே, அந்த மொழி. அறுபது வயது வாக்கில் எறும்பு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். அவருடைய கண்ணாடிக் கூட்டில் சுவரின் மேல் விளிம்பில் துருக்கித் துண்டுத் துணி வைத்திருப்பார். காற்று போகும், எறும்பு போகாது. என் பெட்டியின் மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இன்று இருப்பது பழைய குளியல் துண்டு. கடையில் வாங்கிய ரப்பர் பட்டையைவிட அது நன்றாகவே நிற்கிறது.

1956-இல் மில்டன் லெவின் என்ற அமெரிக்கர் இதை விளையாட்டுச் சாமானாக்கினார். விலை 1.98 டாலர், இரண்டு கோடிக்கு மேல் விற்றது. பெட்டிக்குள் ராணி கிடையாது, வேலைக்கார எறும்புகள் மட்டும். அமெரிக்காவில் ராணியை ஊர்விட்டு ஊர் அனுப்பச் சட்டம் இடம் தராது. ராணி இல்லாததால் சில மாதங்களில் எல்லாம் செத்துவிடும். தப்பித்தாலும் பெருகாது. பாதுகாப்பான ஏற்பாடுதான், ஆனால் எனக்கு அதில் ஈடுபாடு இல்லை.

இனி என் கேசரிக்கு வருவோம். நான் அகழி வைக்கவில்லை. தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும். 1975-ஆம் வருடச் சட்டப்படி சுகாதார அதிகாரி வந்து அபராதம் போடலாம். தாமானில் அடிக்கடி புகை அடிக்கிற எங்கள் மாதிரி இடங்களில் அந்தப் பயம் உண்மையானது. ஆகவே நான் நம்பியது ஃபுளுவான். இது டெஃப்லான் ரகத்துத் திரவம். 1938-இல் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயுவைத் தேடிக்கொண்டிருந்தபோது உருளைக்குள் தற்செயலாக உறைந்துகிடந்த வெள்ளைப் பொடிதான் இதன் மூலம். தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்க வைப்பது. பெட்டியின் மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பூசிக் காயவிட்டால் எறும்பின் கால் பிடிக்காது. வழுக்கி வழுக்கி விழும்.

எறும்பின் காலில் கொக்கியும் உண்டு, நடுவில் மெத்தையும் உண்டு. சொரசொரப்பான இடத்தில் கொக்கி, வழவழப்பான இடத்தில் மெத்தை, மெத்தையில் லேசான ஈரம். நம் ஊர் கெரங்கா, அதாவது முசுறு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டே தன் எடையைப் போல நூறு மடங்குக்கு மேல் பிடித்துக்கொள்ளும். அந்த மெத்தையை ஏமாற்றத்தான் ஃபுளுவான். ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் ஃபுளுவான் தோற்கும். இது எனக்குப் படித்துத் தெரியும், பட்டுத் தெரியவில்லை. குளிர்நாட்டில் சூடேற்றிய அறையில் வருடக்கணக்கில் நிற்கிற பூச்சு, மலாக்காவின் நவம்பர் மழையில் ஐந்தாம் நாள் கைவிட்டது. என் எறும்புகளில் மிகச் சின்னது 2 மில்லிமீட்டர் சுற்றளவில்தான் இருக்கும், மிகப் பெரிய சிப்பாய் எடையில் அதைப்போல 500 மடங்கு. பெரியது விழுந்துகொண்டே இருக்க, சின்னது நடந்து போய்விட்டது. இந்த இனத்தை 1980-களில் ஆராய்ந்த மார்க் மொஃபெட், பெரிய எறும்பின் முதுகில் சின்னவை பஸ்ஸில் போவது மாதிரி சவாரி செய்வதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

வழுக்கும் சுவர் என்றதும் எனக்குத் திருவெறும்பூர்தான் நினைவுக்கு வந்தது. திருச்சிக்குப் பக்கத்தில் சின்னக் குன்றின்மேல் சோழர் காலத்துக் கோயில், அப்பர் பாடிய தலம். தாரகாசுரனுக்குப் பயந்த தேவர்கள் அடையாளம் தெரியாமலிருக்க எறும்பாகி வந்து சிவனைக் கும்பிட்டார்கள் என்பது தலக்கதை. லிங்கத்தின் மேல் எண்ணெய். ஏற ஏற வழுக்குகிறது. பூவைக் கொண்டுபோய் உச்சியில் வைக்க முடியவில்லை. அதைப் பார்த்த சிவன், தன் மேனியைப் புற்று மண்ணாக மாற்றி, எறும்பு ஏறுவதற்கு வசதியாகக் கொஞ்சம் சாய்ந்தும் கொடுத்தாராம். எறும்பீஸ்வரர் என்று பெயர். மண் லிங்கம் என்பதால் அதற்குத் தண்ணீர் அபிஷேகம் செய்வதில்லை.

கதையை எழுதிய யாரோ எறும்பை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். எண்ணெய் தடவிய வழவழப்புக் கல்லில் மெத்தையும் கொக்கியும் வேலை செய்யாது. சொரசொரப்பான மண்ணில் கொக்கி பிடிக்கும், சாய்வு குறைந்தால் சுலபம். பொறியியலாக எழுதினால் இரண்டு மாறிகள், உராய்வும் கோணமும். கதை இரண்டையும் சரியாக மாற்றுகிறது. உலகத்தில் எறும்பைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் எறும்பு ஏறாமல் இருக்க என்ன செய்வது என்று யோசித்தபோது, எறும்பு ஏறுவதற்காகச் சுவரே தன்னை மாற்றிக்கொண்ட ஒரே கதை எனக்குத் தெரிந்து இதுதான். இதே திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் பாய்லர் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலை செய்கிற பொறியாளர்களில் யாராவது அந்தக் கோணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்களா என்று எனக்கொரு ஆசை.

இந்த வழுக்கலை மனிதனுக்கு முன்பே மரம் செய்திருக்கிறது, அதுவும் நம் நாட்டில். மஹாங் மரம், மக்கராங்கா இனம். தோட்டம் அழிந்து சும்மா கிடக்கும் நிலத்தில், புது ரோடு போட்ட ஓரத்தில் முதலில் முளைப்பது அதுதான். சில மஹாங் வகைகளின் தண்டில் வெள்ளைப் பொடி மாதிரி மெழுகு படிந்திருக்கும். உலு கோம்பாக்கில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள நிலையத்தில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 1997-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையின்படி, மற்ற எறும்புகள் அந்த மெழுகில் வழுக்கி விழுகின்றன. தண்டின் உட்குழலில் குடியிருக்கும் எறும்புகள் மட்டும் சர்வசாதாரணமாக ஓடுகின்றன. குடியிருப்பவருக்குக் கதவு திறந்திருக்கிறது, வேற்றாளுக்கு மூடியிருக்கிறது. வேலி ஒன்றுதான்.

இன்னொன்று குனோங் லேடாங்கில். வாலஸ் 1854-இல் அந்த மலை ஏறினார், அப்போது அதன் பெயர் ஒஃபிர். உச்சிக்குப் போகும் வழியில் தண்ணீர் கிடைக்காமல் தவித்து, கெண்டிச் செடியின் குடுவைகளில் பூச்சிகள் மிதந்த தண்ணீரைக் குடித்தார், சூடாக இருந்தாலும் ருசியாகவே இருந்தது என்று எழுதினார். அந்தக் குடுவைகளில் அதிகம் விழுவது எறும்பு. குடுவையின் விளிம்பு காய்ந்திருக்கும்போது எறும்பு அதன்மேல் ஒய்யாரமாக நடக்கும். மழையோ பனியோ பட்டு நனைந்ததும் விளிம்பில் ஒரு தண்ணீர்ப்படலம் பரவி, மழையில் டயர் வழுக்குவது மாதிரி எறும்பின் கால் வழுக்கி உள்ளே விழும். 2004-இல் போன், ஃபெடர்லே என்ற இருவர் இதை நிறுவினார்கள். என் ஃபுளுவான் காய்ந்தால் வேலை செய்யும், நனைந்தால் செய்யாது. கெண்டிச்செடி நேர் எதிர். இந்த நாட்டின் ஈரத்துக்காக வடிவமைக்கப்பட்டது எது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. தோல்விக்குக் காரணம் பூச்சு அல்ல, பெல்ஜியத்திலோ எங்கோ எழுதிய குறிப்பை அப்படியே பாச்சாங்கில் பின்பற்றிய நான்.

சுவரே இல்லாமல் எறும்பை வைத்திருந்தவர்களும் உண்டு. கி.பி. 304-இல் ஜி ஹான் எழுதியதாகச் சொல்லப்படும் சீனத் தாவர நூலில், இன்றைய வட வியட்நாம் பகுதிச் சந்தையில் எறும்புக் கூடுகளைப் பையில் வைத்து விற்றதும், ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் அதை வாங்கி மரத்தில் விட்டதும் இருக்கிறது. எறும்பு இல்லாத மரத்தில் பழமெல்லாம் புழு. அந்த எறும்பு நம் கெரங்காதான். பிற்காலத்தில் மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் கட்டிக் கொடுத்தார்கள். லபக் பாலத்தை எடுத்தார், இவர்கள் போட்டார்கள்.

நம் தோட்டங்களிலும் இது நடந்தது. 1980-களில் பேராக், சிலாங்கூர் கடலோரத்தில் தென்னைக்கு நடுவே கொக்கோ போட்டபோது, காயைக் குத்திச் சாறு உறிஞ்சும் ஹெலோபெல்டிஸ் பூச்சியால் பெரிய சேதம். செர்டாங்கிலிருந்த விவசாயப் பல்கலைக்கழகத்தின் கூ கே சோங்கும் தோட்டத்துறையைச் சேர்ந்த ச்சுங்கும் கருப்புக் கொக்கோ எறும்பை வைத்து அதைக் கட்டுப்படுத்துவது பற்றி 1989-இல் எழுதினார்கள். காய்ந்த இலைகளைப் பையில் கட்டி எறும்பு குடியேறிய பிறகு அதைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு மரத்தில் தொங்கவிடுவது முறை. எறும்பு நிலைத்திருக்க மாவுப்பூச்சியும் வேண்டும், அதன் இனிப்புக் கழிவுதான் எறும்புக்குச் சம்பளம். இருக்க வீடு, சாப்பிடச் சாப்பாடு, அதனால் போகாது. இதை எழுதும்போது லயத்து வீடும் ரேஷன் அரிசியும் மனசில் வருகிறது, வராமல் இருக்குமா. ஆனால் அந்த ஒப்புமையை நீட்ட எனக்கு விருப்பமில்லை. பாட்டி எறும்பு இல்லை. தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் யாரும் பாலம் போட்டுக் கொடுத்து அல்ல.

தப்பிப்பது எப்போது வெறும் கேசரி விவகாரம், எப்போது அதற்கு மேல் என்பதற்கு ஓர் உதாரணம் தெற்கே இருக்கிறது. மலாய்க்காரர்களும் சீனர்களும் வாழும் கிறிஸ்மஸ் தீவு. நம் செம்பனைத் தோட்டங்களில் சாதாரணமாகத் திரியும் மஞ்சள் நிற நெட்டைக்கால் எறும்பு அங்கே கப்பல் சரக்கோடு போய்ச் சேர்ந்து, பல வருடம் சும்மா இருந்து, 1989-க்குப் பிறகு பெரும் கூட்டமாகி ஃபோர்மிக் அமிலத்தைப் பீய்ச்சி சிவப்பு நண்டுகளைக் குருடாக்கிக் கொன்றது. கோடிக்கணக்கில். எறும்புக்குத் தேன் சுரந்து கொடுத்த செதில் பூச்சியை ஒழிக்க 2016-இல் மலேசியாவிலிருந்து ஒரு நுண்குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். நோயும் மருந்தும் இந்தப் பக்கத்திலிருந்தே.

2025 ஏப்ரலில் கென்யாவில் இரண்டு பெல்ஜியப் பதின்வயதினர் ஏறக்குறைய 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்டார்கள். 2,244 சோதனைக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சு. நான் என் ராணியை வைத்த அதே முறை. நீதிமன்றம் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஒரு வருடச் சிறை என்றது. அந்தச் செய்தியைப் படித்த வாரம்தான் ஒருவர் எனக்கு வெளிநாட்டு அறுவடை எறும்பு ராணி ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தார். விலையும் கட்டுப்படியாகும். அழகான எறும்பு, தலை மட்டும் செக்கச் சிவப்பு. இரண்டு நாள் யோசித்தேன். என் பெட்டியிலிருந்து நவம்பரில் வெளியேறியவை எங்கள் வீட்டுப் பின்புறக் கால்வாயில் ஏற்கனவே இருக்கிற இனம், அவை போய்ச் சேர்ந்தது சொந்த ஊருக்கு. அதே இடத்தில் வேறு கண்டத்து ராணி நாலு மகள்களோடு நடந்து போயிருந்தால்? ஐந்தாம் நாள் கைவிட்ட பூச்சு அது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டார்.

இப்போது ஃபுளுவானை விட்டுவிட்டேன். டால்கம் பவுடரை மருந்துக்கடை ஆல்கஹாலில் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூசுகிறேன், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. மூடிக்கடியில் துண்டுத் துணி. கூட்டை ஜானே முறைப்படி பிளாஸ்டரில் நானே ஊற்றினேன், முதல் கட்டி வெடித்தது, இரண்டாவது நிற்கிறது. ஒரு முனையில் தண்ணீர் விட ஆரம்பித்த பிறகு விளிம்பில் ஏறி அலைகிற எறும்புகள் பாதியாகக் குறைந்துவிட்டன.

பெட்டி நிற்கிற சின்ன மேசையின் கால்களுக்குக் கீழே நான்கு சுசு டின். அது பாட்டி வைத்தது, என்னைக் கேட்கவில்லை. தண்ணீருக்குப் பதில் சமையல் எண்ணெய் ஊற்றியிருக்கிறார், கொசுவுக்காக. போன வாரம் பார்த்தபோது ஒரு டின்னில் ஏழெட்டு எறும்பு மிதந்தது. உற்றுப் பார்த்தேன், எதுவும் என்னுடையது இல்லை. வெளியேயிருந்து உள்ளே வரப் பார்த்த பிள்ளையார் எறும்புகள்.